தேர் விளக்கின் மின்னிழைக்கு எந்தத் தாங்கி, எந்த இணைப்பு?

தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயில் எடுக்கும் ரதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தின் ஏற்றமும் இறக்கமுமான தெருக்களில் மாலை முழுவதும் இழுபடுகிறது. முருகன் வீற்றிருக்கும் மாடத்தின் இருபுறமும், ரதத்தின் அடியில் வைத்த 12 வோல்ட் பாட்டரியில் எரியும் எட்டு டங்ஸ்டன் பல்புகளைப் பொருத்துவது எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு அவற்றில் ஐந்து, ஊர்வலம் கோயிலுக்குத் திரும்புமுன்பே அணைந்துவிட்டன. அலங்காரச் சரங்களுக்கு எல்இடி போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாடத்துக்குள் மட்டும் அந்தப் பழைய மஞ்சள் ஒளியே வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். எனக்கும் அதுவே விருப்பம். ஆய்வகக் கண்ணாடிக் கருவிகள் செய்து பழகிய என் பட்டறையில் ஊதுவிளக்கும் வெற்றிடப் பம்பும் இருப்பதால், இந்த ஆண்டுக்கான எட்டு பல்புகளையும் நாமே செய்வோம் என்று முடிவாயிற்று. அதற்கு முன் தீர்க்க வேண்டியிருந்தவை இரண்டு கேள்விகள்: மின்னிழையை, அதாவது பல்புக்குள் ஒளிரும் மெல்லிய டங்ஸ்டன் கம்பியை, எதனால் தாங்குவது, எதனோடு இணைப்பது.

அணைந்த ஐந்தையும் உடைத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். மூன்றில் மின்னிழை அறுந்திருந்த இடம், மின்னோட்டத்தைக் கொண்டுவரும் முனைக்கம்பி அதைக் கவ்வியிருந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரம்கூட இல்லை. ஒன்றில் நடுத்தாங்கியின் கொக்கிக்குள் இருந்த வளையமே முறிந்திருந்தது. ஐந்தாவதில் இழை குலுக்கலில் முறிந்ததல்ல. அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுருள் குறுகி, மிகைச் சூட்டில் எரிந்துபோயிருந்தது. நான் அதுவரை எல்லாக் குற்றத்தையும் தாங்கியின் மேலேயே சுமத்தி, இன்னும் இரண்டு தாங்கிகள் வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று முறிவுகள் என் எண்ணத்தை மாற்றின. இணைப்பு சரியில்லாத மின்னிழையை எத்தனை தாங்கி வைத்தாலும் காப்பாற்ற முடியாது.

முதலில் இழையின் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லாத் தேர்வும் அதைப் பொறுத்தது. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 24 வாட். சூடு ஏறத்தாழ 2500 கெல்வின். டங்ஸ்டனின் மின்தடையையும் கதிர்வீச்சையும் வைத்துக் கணக்கிட்டால், வெற்றிடத்தில் நேராக நீட்டிய கம்பிக்கு 0.12 மில்லிமீட்டர் தடிப்பும் சுமார் 9 சென்டிமீட்டர் நீளமும் வருகின்றன. அதை 0.4 மில்லிமீட்டர் கம்பியின்மேல் சுற்றினால் 55 சுற்றுகள் ஆகும். சுற்றுக்குச் சுற்று ஒரு கம்பித் தடிப்பு இடைவெளி விட்டால் சுருளின் மொத்த நீளம் 13 மில்லிமீட்டர்தான். இதே சூட்டில் 230 வோல்ட்டுக்கு 60 வாட் வெற்றிட பல்பு செய்வதாக வைத்துக்கொண்டால் 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி 90 சென்டிமீட்டர் நீளம் தேவைப்படும். தலைமுடியைவிட மெல்லிய அந்த இழையைப் பல தாங்கிகள் இல்லாமல் நிறுத்தவே முடியாது. நம்முடையதோ குட்டையான, தடித்த சுருள். வீட்டு பல்பில் கண்ட அமைப்பை அப்படியே இதற்கும் எடுத்துவருவது தவறு என்பதற்கு இந்த எண்களே போதுமான காரணம்.

தாங்கியில் எனக்கு முன் இருந்த வழிகள் மூன்று: தாங்கியே வைக்காமல் இரு முனைக்கம்பிகளுக்கு நடுவே சுருளைக் கட்டுவது, நடுவில் ஒன்று மட்டும் வைப்பது, குலுக்கல் தாங்குவதற்கென்றே செய்யப்படும் 230 வோல்ட் பல்புகளில் காண்பதுபோல் பல தாங்கிகளை விசிறி வடிவில் வைப்பது.

தாங்கி இழையைத் தொடும் இடத்தில் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அங்கே இழை மங்கி ஒளிர்வதைக் கண்ணாலேயே காணலாம். முனைக்கம்பிகளும் அதையே செய்கின்றன. 90 சென்டிமீட்டர் இழையில் சில புள்ளிகள் குளிர்ந்தால் ஒளியில் ஏற்படும் குறைவு சிறிதே. 13 மில்லிமீட்டர் சுருளில் இரு முனைகளும் ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும்போது, நடுவே மூன்று நான்கு தாங்கிகளையும் வைத்தால் முழுச்சூட்டில் எரிய இடமே மிஞ்சாது. குலுக்கல் தாங்கும் வீட்டு பல்புகள் அதே வாட்டுக்குக் குறைந்த ஒளி தருவதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆகவே பல தாங்கிகள் என்ற வழியை நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கினேன்.

தாங்கியே இல்லாமல் விடுவது என் கைக்கு மிக எளிதாக இருந்திருக்கும். இரு பிடிகளுக்கு நடுவே சுருளின் நீளம் குறுகக் குறுக அதன் இயல்பான அதிர்வெண் விரைந்து உயர்கிறது. அந்த நீளம் பாதியானால் அதிர்வெண் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ரதச் சக்கரம் தெருவில் தரும் அதிர்வு மெதுவானது. 13 மில்லிமீட்டர் சுருள் அதோடு ஒத்து ஆடாமல் தப்பிவிடும் என்றே முதலில் கருதினேன். ஆனால் ஒட்டிக்கொண்ட ஐந்தாவது பல்பு நினைவுக்கு வந்தது. எரியும்போது டங்ஸ்டன் மென்மையாகி, தன் எடையாலேயே மெல்லத் தொய்கிறது. சில மணி நேரத் தொய்வின்மேல் ஒரே ஒரு வேகத்தடையின் அடி விழுந்தால் நடுவில் உள்ள வளையங்கள் நெருங்கிவிடக்கூடும். பொட்டாசியம் கலந்து வடித்த, தொய்வு தாங்கும் டங்ஸ்டன் கம்பியாக இருந்தால் இந்த அச்சம் வெகுவாகக் குறையும். 1910இல் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை நீளும் கம்பியாக்கிய பிறகு விளக்குத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய கொடைகளில் அந்தக் கலப்பும் ஒன்று. என்னிடம் இருந்த கம்பிச் சுருள் எந்த வகை என்று உறுதியாகச் சொல்லும் சீட்டு அதனோடு வரவில்லை. அதனால் நடுவில் ஒரு தாங்கி வைப்பதே சரி என்று முடிவு செய்தேன்.

அந்த ஒன்றை எதில் செய்வது? நிக்கல் கம்பி கையில் இருந்தது, வளைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் நிக்கல் 1455 டிகிரி செல்சியசில் உருகிவிடும்; அதைவிடப் பெரிய குறை, சூடான டங்ஸ்டனைத் தொட்டால் அதற்குள் ஊடுருவி, நாரிழைபோன்ற அதன் உள்ளமைப்பைக் கலைத்து, வழக்கத்தைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பெரும் படிகங்களாக மாற்றிவிடுவது. அப்படி மாறிய டங்ஸ்டன் குளிர்ந்தபின் கண்ணாடிபோல் முறியும். இரும்பும் இதே வகையில் கேடு செய்யக்கூடியது. டங்ஸ்டனையே தாங்கியாக வைத்தால் சூட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் மெல்லிய டங்ஸ்டன் கம்பியைச் சிறு வளையமாக வளைக்கும்போது பிளந்துபோகிறது. நான்கில் ஒன்று என் கையில் அப்படித்தான் வீணானது. மாலிப்டினம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: 2623 டிகிரி செல்சியஸ் வரை உருகாது, வளைக்க இணங்கும், டங்ஸ்டனைக் கெடுக்காது. பல்புத் தொழிலில் தாங்கிக்கு மாலிப்டினம் நிலைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 0.2 மில்லிமீட்டர் மாலிப்டினக் கம்பியின் ஒரு நுனியை, பல்புக்குள் நிற்கும் கண்ணாடித் தண்டின் தலையில் உருக்கிச் செய்த பொத்தானில் செருகிவிட்டால் போதும். மாலிப்டினமும் இந்தக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை என்றாலும் அதனால் கேடில்லை. தாங்கி காற்றை அடைக்க வேண்டியதில்லை, பிடித்து நின்றால் போதும்.

வடிவத்தில் நான் சிறிது தடுமாறினேன். திறந்த கொக்கியில் சுருளை மாட்டுவது நொடி வேலை. ஆனால் ரதம் குதித்தால் சுருள் கொக்கியை விட்டு எழுந்துவிடும், திரும்ப விழும்போது அதே இடத்தில் விழும் என்பதற்கு உறுதியில்லை. பன்றிவால்போல் ஒன்றரைச் சுற்றுச் சுற்றிய மூடிய வளையம் அதை விடாது. சென்ற ஆண்டு முறிந்த நான்காவது பல்பிலும் மூடிய வளையம்தான் இருந்தது, ஆனால் அது இழையை இறுக்கிப் பிடித்திருந்தது. மின்னிழை சூடாகும்போது நீளும், அணைக்கும்போது சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வளையமே அந்த இழுப்பைச் சுமக்கிறது. ஆகவே வளையத்தின் உள்விட்டம் சுருளின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே பெரிதாக, ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும் என்று வைத்தேன். தொய்ந்தால் தாங்கும், குதித்தால் தடுக்கும், சாதாரண வேளையில் அது மிக இலேசாகவே தொடுவதால் வெப்பத்தையும் அதிகம் உறிஞ்சாது.

இனி இணைப்பு. என் மனம் அதிகம் உழன்றது இங்கேதான், ஏனெனில் மூன்று முறிவுகள் இங்கிருந்தே தொடங்கின.

விளக்குத் தொழில் இந்த இடத்துக்கு எத்தனையோ வழிகளைத் தேடியிருக்கிறது. எடிசன் காலத்துக் கரி இழைகளில் முதலில் பிளாட்டினக் கவ்விகளும், பின்னர் செம்பு முலாம் பூசிய மூட்டுகளும், அதன்பின் கரிப்பசையும் வந்தன. கரிப்பசை செய்ய எளிதாக இருப்பதால், கையால் பல்பு செய்யத் தொடங்கும் பலருக்கும் அதன்மேல் கண் போகும். டங்ஸ்டனுக்கு அது ஆகாது. சூட்டில் கரி டங்ஸ்டனோடு சேர்ந்து கார்பைடாகி, இழையை நொறுங்கவைக்கும். இந்த வழியை முற்றாக விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்தது கவ்வு. நிக்கல் முனைக்கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, கொக்கியாக மடித்து, அதற்குள் மின்னிழையின் கால் எனப்படும் சுருளாத முனையை வைத்து இடுக்கியால் நசுக்குவது. சாதாரண வீட்டு பல்புகளில் நெடுங்காலம் இருந்துவந்த முறை. வேறு கருவி எதுவும் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம் என்பதால் டங்ஸ்டன் தன் வலுவை இழப்பதில்லை. நிலையாகத் தொங்கும் விளக்குக்கு நான் இதையே தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். ரதத்தில் இதன் குறை வேறு. கவ்வுக்குள் இழை அசையாமல் நிற்கிறது, கவ்வுக்கு வெளியே சுருள் ஆடுகிறது. அந்த ஆட்டம் முழுவதும் கவ்வின் விளிம்பில் ஒரே கோட்டில் வளைந்து வளைந்து திரும்புகிறது. கூரான விளிம்பு ஏற்கெனவே அங்கே ஒரு கீறல் போட்டிருக்கும். முறிவு அங்கே வராமல் வேறெங்கே வரும்?

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, 2500 கெல்வினில் இருப்பதில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கே. எரியும்போது 6 ஓம் காட்டும் நம் இழை, சுவிட்சைப் போடும் கணத்தில் அரை ஓமுக்கும் குறைவாக இருக்கிறது. பாட்டரியும் கம்பிகளும் விட்டால் 25 ஆம்பியர்வரை ஒரு கணம் பாயலாம். கவ்வு சிறிது தளர்ந்திருந்தாலும் அந்தப் பாய்ச்சல் முழுவதும் சில புள்ளிகளின் வழியே சென்று அவற்றைச் சுடும். சுட்ட கவ்வில் நிக்கல் இளகும், இளகினால் பிடி மேலும் தளரும். தெருமுனைதோறும் விளக்கை அணைத்துப் போட்டு விளையாடும் பிள்ளைகளை நான் அதட்டுவதற்குக் காரணம் பாட்டரிச் செலவு அன்று.

புள்ளிப் பற்றவைப்பு இந்தத் தளர்வை அடியோடு நீக்குகிறது. மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்னேற்றத்தை ஒரு கணத்தில் பாய்ச்சினால் நிக்கல் உருகி டங்ஸ்டனைச் சுற்றிப் படர்ந்து உறைகிறது, டங்ஸ்டன் உருகுவதில்லை. மின்தொடர்பைப் பொறுத்தவரை இதற்கு நிகர் இல்லை. ஆனால் அந்தக் கணத்துச் சூட்டிலேயே பற்றவைப்பை ஒட்டிய டங்ஸ்டன் படிகம் மாறி நொறுங்கும் தன்மை பெறுகிறது, அதன்மேல் நிக்கலும் ஊறியிருக்கிறது. சோதனைக்காக ஆறு இணைப்புகள் செய்து, ஆறிய பின் இடுக்கியால் மெல்ல வளைத்துப் பார்த்தேன். ஐந்து, பற்றவைத்த இடத்தின் ஓரத்திலேயே ஒடிந்தன. மின்துடிப்பின் நேரத்தைக் குறுக்கினால் இது மேம்படும். என் கருவியில் அதற்கு மேல் குறுக்க வழியில்லை. கவ்வில் அசைவினால் வரும் கேடு, இங்கே சூட்டினால் வருகிறது, வரும் இடம் ஒன்றே.

மூன்றாவது வழி, சுருளின் முனைக்குள் ஒரு மாலிப்டின ஊசியைச் செருகுவது. புரொஜெக்டர் விளக்குகள் போன்ற தடித்த சுருள் உள்ளவற்றில் இதற்கு இணையான அமைப்பைக் காணலாம். சுருளின் உட்துளை 0.4 மில்லிமீட்டர், அதைவிட மயிரளவு தடித்த ஊசியை முறுக்கிச் செலுத்தினால், முனையில் உள்ள ஆறேழு வளையங்கள் அதை ஸ்பிரிங்போல் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஊசியின் வெளிநுனியை நிக்கல் முனைக்கம்பியோடு பற்றவைக்கிறோம். பற்றவைக்கும் சூடு மாலிப்டினத்தையும் நிக்கலையும் மட்டுமே தொடுகிறது, டங்ஸ்டனை எட்டுவதில்லை; நிக்கலும் எரியும் இழையிலிருந்து சில மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. மின்னோட்டம் ஒரு விளிம்பில் அல்லாமல் பல வளையங்களில் பங்கிடப்படுகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, கால் என்ற பகுதியே இல்லாமல் போவது. ஒற்றைக் கம்பியாக நீட்டிய காலில்தான் முறிவுகள் வந்தன. இங்கே சுருளே ஊசியைப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் பல வளையங்களில் பரவித் தணிகிறது.

குறைகளும் உண்டு. தடித்த ஊசி கவ்வைவிட அதிக வெப்பத்தை இழுக்கும். 12 வோல்ட் போன்ற தாழ்ந்த அழுத்தத்தில் முனை இழப்பின் பங்கு இயல்பாகவே பெரிது என்பதால், ஊசியைப் பிடிக்கும் வளையங்களைக் கணக்கில் சேர்க்காமல் 55 சுற்றுகளை அவற்றுக்கு அப்பால் வைக்க வேண்டியிருந்தது. ஊசி சற்று மெலிந்தால் பிடி நிற்காது, சற்றுத் தடித்தால் செலுத்தும்போதே வளையம் வெடிக்கும். முதல் நாள் நான்கு சுருள்களை இழந்தேன். ஊசியின் நுனியை எண்ணெய்க்கல்லில் சாய்த்துத் தேய்த்துக் கூம்பாக்கிய பிறகே கை பழகியது. ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டியவருக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு பல்புகளுக்கு இந்த உழைப்பு தகும்.

கண்ணாடியைத் துளைத்து வெளியேறும் கம்பியைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. தொடக்கக் காலத்தில் பிளாட்டினத்தைப் பயன்படுத்தினார்கள், ஏனெனில் அது கண்ணாடி விரியும் அளவே விரியும். விலையால் அது கைவிடப்பட்டது. நிக்கல் 42 விழுக்காடு கலந்த இரும்பு உட்கம்பிக்குச் செம்பு உறை போட்ட டியூமெட் கம்பி, சாதாரண சோடாக் கண்ணாடியோடும் ஈயக் கண்ணாடியோடும் ஒட்டி நிற்கிறது. ஆய்வகத்தில் பழகிய போரோசிலிக்கேட் கண்ணாடியும் அதற்கேற்ற டங்ஸ்டன் கம்பியும் என் கைக்கு நெருக்கமானவை என்பதால் அந்தப் பக்கம் மனம் இழுத்தது. ஆனால் டங்ஸ்டன் கம்பியில் நீளவாக்கில் ஓடும் மயிரிழை விரிசல்களின் வழியே காற்று கசியக்கூடும், அதை நுனியில் நிக்கலால் அடைக்க வேண்டும். அது இன்னொரு வேலை, இன்னொரு ஐயம். டியூமெட்டைப் போரோசிலிக்கேட்டில் உருக்கினால் ஆறும்போதே விரிசல் விடும் என்பதை மட்டும் புதிதாகச் செய்பவர்கள் மறக்க வேண்டாம். நான் ஈயக் கண்ணாடித் தண்டையும் டியூமெட்டையும் எடுத்துக்கொண்டேன்.

பல்பின் அடித்தொப்பிக்கு, நம் வீடுகளில் உள்ள, அழுத்தித் திருப்பி மாட்டும் 22 மில்லிமீட்டர் பயோனெட் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். குலுக்கலில் அது கழலாது என்பது நல்லதுதான். ஆனால் ஊர்வலம் முடிந்த பிறகு யாரேனும் இந்த 12 வோல்ட் பல்பை வீட்டு 230 வோல்ட் ஹோல்டரில் மாட்டிவிட்டால் கையில் வெடிக்கக்கூடும். கார் பல்புகளின் 15 மில்லிமீட்டர் பயோனெட் தொப்பியிலும் அதே பிடி உண்டு, வீட்டு 22 மில்லிமீட்டர் ஹோல்டரில் அது பொருந்தாது. வெற்றிடக் குமிழ் உடைந்தால் சில்லுகள் தெறிக்கும் என்பதால், மாடத்தில் ஒவ்வொரு பல்பும் தடித்த கண்ணாடிக் கூண்டுக்குள்தான் இருக்கும்.

சுருளைக் கிடையாக வைத்தேன். செங்குத்தாக நிறுத்தினால் ரதத்தின் மேல்கீழ்க் குதிப்பு சுருளின் நீளவாக்கிலேயே விழும்; ஸ்பிரிங் மிகவும் இளகிய திசை அது, எரியும்போது வளையங்கள் கீழ்ப்பாதியில் நெருங்கத் தொடங்கும். கிடையாக வைத்தால் நடுத்தாங்கி சுமை விழும் இடத்திலேயே நிற்கிறது.

ஒருமுறை எரிந்த டங்ஸ்டன், குளிர்ந்திருக்கும்போதுதான் எளிதில் முறியும் நிலையில் இருக்கிறது. சூடாக இருக்கையில் வளைந்து கொடுக்கும். இதை எண்ணும்போது, சென்ற ஆண்டு முறிவுகளில் சிலவாவது ஊர்வலத்துக்கு முன்பே, பல்புகளைச் சோதித்து அணைத்துவிட்டு, நாம் இங்கே பக்கி என்று சொல்லும் சிறு லாரியில் ரதத்தைக் கோயிலுக்கு ஏற்றிவந்தபோதே தொடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. ஆகவே இந்த முறை வண்டியில் வரும் வழி முழுவதும் எட்டு பல்புகளுக்கும் 2 வோல்ட் கொடுத்து, இழை மங்கிய சிவப்பில் இருக்கும்படி வைக்க ஒரு தனிச் சுவிட்சைப் பொருத்தியிருக்கிறோம். முழு வெளிச்சத்துக்கு மாறும்போது முதற்கணப் பாய்ச்சலையும் அது குறைக்கும்.

சென்ற வாரம், ஊசி இணைப்பும் தளர்ந்த ஒற்றை வளையமும் உள்ள முதல் மூன்று பல்புகளைப் பக்கியின் பின்தட்டில் ஒரு மரப்பலகையில் ஆணியடித்துக் கட்டி, பக்கத்துப் பகுதியான ஷால்க்ராஸ் வரைக்கும் வேகத்தடைகள் நிறைந்த வழியில் மூன்று முறை போய்வந்தேன். அவற்றோடு, அதே கம்பியில் கவ்வு இணைப்பும் தாங்கியற்ற சுருளும் கொண்ட இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். கவ்வு வைத்ததில் ஒன்று இரண்டாம் முறை திரும்பும்போது அணைந்திருந்தது. உடைத்துப் பார்த்தபோது, முறிவு கவ்வின் விளிம்பிலேயே இருந்தது. மற்ற நான்கும் எரிகின்றன. எஞ்சிய ஐந்து பல்புகளுக்கான ஊசிகளை இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.